ஒரே கமிட்டில் எல்லாக் கோப்புகளும்: பழைய சி++ திட்டத்தில் கிளாங்-ஃபார்மேட்

எங்கள் திட்டம் பல லட்சம் வரி கொண்ட சி++ சர்வர் நிரல். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் பில்ட் ஆக வேண்டும். பல கை மாறி வந்தது என்பதால், ஒரு கோப்பைத் திறந்ததும் எந்தக் காலத்தில் எழுதியது என்று இன்டென்ட்டை வைத்தே சொல்லிவிடலாம். டேப் என்றால் முதல் தலைமுறை, நான்கு ஸ்பேஸ் என்றால் அடுத்தது, இரண்டு ஸ்பேஸ் என்றால் பிறகு வந்து சேர்ந்த இன்னொரு குழு. சில கோப்புகளில் மூன்றும் உண்டு. நடைக் கையேடு என்று ஓர் ஆவணமும் இருந்தது. எழுதும்போது அதை யாரும் திறப்பதில்லை. அடுத்தவர் நிரலை ரிவ்யூ செய்யும்போது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடமாக வரும்.

முழுத் திட்டத்தையும் கிளாங்-ஃபார்மேட்டால், அதாவது சி++ நிரலின் இன்டென்ட், ஸ்பேஸ், வரி உடைப்பு இவற்றைத் தானாகச் சீராக்கும் கருவியால், ஒரே கமிட்டில் (நிரலின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் ஒரே பதிவாக) மாற்றினோம். கருவி ஓடி முடிய ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. முன்னாலும் பின்னாலும் செய்ய வேண்டியிருந்த வேலைதான் பெரிது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏன் ஒரே வீச்சில்

கிளாங்-ஃபார்மேட்டுடன் ஒரு சின்ன கிட் ஸ்கிரிப்ட் வருகிறது. நாம் மாற்றிய வரிகளை மட்டும் அது சீராக்கும். பழைய நிரலைத் தொடாமல் போகிற போக்கில் திருத்திக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. எங்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து வரி மாற்றினால் ஐந்து வரி மட்டும் புதிய நடையில் இருக்கும், சுற்றியுள்ள ஐம்பது வரி பழைய நடையில் இருக்கும். ஏற்கெனவே மூன்று நடை உள்ள கோப்பில் நான்காவது ஒன்று சேரும். அதைவிட மோசம், பிழைதிருத்தமும் ஸ்பேஸ் மாற்றமும் ஒரே டிஃப்பில், அதாவது மாறிய வரிகளின் பட்டியலில், கலந்து வரும். ரிவ்யூ செய்பவர் எதைப் பார்ப்பார்?

ஒரே வீச்சில் மாற்றிய பெரிய திட்டங்கள் உண்டு. எல்.எல்.டி.பி. என்ற டீபக்கர் 2016இல் மாற்றியது. ஃபயர்ஃபாக்ஸ் 2018 கடைசியில் தன் சி++ நிரல் முழுவதையும் கூகுள் நடைக்குக் கொண்டுபோனது. பைத்தான் பக்கம் ஜாங்கோ என்ற வலைக் கட்டமைப்பு 2022 பிப்ரவரியில் பிளாக் கருவியால் எல்லாவற்றையும் மாற்றியது. ஜாங்கோவின் பொறுமை எனக்குப் பிடித்தது. பிளாக்குக்குப் போவதென்று 2019இலேயே முடிவெடுத்துவிட்டு, அந்தக் கருவி பீட்டா நிலையை விட்டு வெளியே வரும்வரை காத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் அது நிலையான பதிப்பானது, அடுத்த மாதமே மாற்றினார்கள். லினக்ஸ் கெர்னல் வேறு மாதிரி. 2018இல் வந்த 4.17 பதிப்பிலிருந்து அதில் கிளாங்-ஃபார்மேட் அமைவுக் கோப்பு இருக்கிறது, ஆனால் பயன்படுத்துவது அவரவர் விருப்பம்.

நடையைத் தேர்ந்தது

கோ மொழியின் கோஃபம்ட் என்ற ஃபார்மேட் கருவியில் நடையைத் தேர்ந்தெடுக்க இடமே இல்லை. பிளாக்கிலும் அநேகமாக இல்லை. வரி நீளம் 88 எழுத்து என்று அதுவே வைத்துக்கொள்ளும், வேண்டுமானால் மாற்றலாம். கிளாங்-ஃபார்மேட்டிலோ நூற்றுக்கு மேற்பட்ட அமைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் போட்டால் ஓய்வு பெறும் வரை போதும்.

அதனால் ருசியைப் பற்றிப் பேசாமல் எண்ணிப் பார்த்தோம். எல்.எல்.வி.எம்., கூகுள், மொசில்லா, வெப்கிட் என்று அதிலேயே தயாராக இருக்கும் நடைகள் ஒவ்வொன்றையும் மொத்த நிரலின் மேலும் ஓட்டி, எத்தனை வரி மாறுகிறது என்று பார்த்தோம். எல்.எல்.வி.எம். நடையில் இன்டென்ட்டை நான்காகவும் வரி நீளத்தை 100 ஆகவும் வைத்தபோது எங்களுக்கு மிகக் குறைவாக மாறியது. அதோடு பேச்சு முடிந்தது. வெப்கிட் நடை கிட்டத்தட்ட நெருங்கி வந்தது, ஆனால் அதில் வரி நீள வரம்பு இல்லை. வரம்பு இல்லாவிட்டால் எங்கே வரியை உடைப்பது என்பதைக் கருவி பெரும்பாலும் எழுதியவரிடமே விட்டுவிடும். அந்தச் சண்டையை நிறுத்தத்தானே இவ்வளவும்.

வரி உடைப்பை அது எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பிறகு எரிச்சல் குறையும். ஒரு கூற்றை உடைக்கக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தண்டப்புள்ளி உண்டு. வரம்பைத் தாண்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் பெரிய தண்டம். மொத்தம் எதில் குறைவு என்று தேடி அதை எடுத்துக்கொள்கிறது. ஒரு மாறியின் பெயரில் இரண்டு எழுத்து கூடினால் முழுக் கூற்றும் வேறு வடிவத்தில் உடைந்து வருவது இதனால்தான்.

சில அமைவுகளை முதலிலேயே அணைத்தோம். நீளமான சரங்களை இரண்டாக உடைப்பது முதலாவது. உடைத்தாலும் கம்பைலர் ஒட்டிக்கொள்ளும், ஆனால் லாக்கில் வந்த பிழைச் செய்தியை நிரலில் தேடினால் கிடைக்காது. நள்ளிரவில் அதைத் தேடுபவருக்குத்தான் வலி தெரியும். குறிப்புரைகளை மடித்து எழுதுவது அடுத்தது. பழைய கோப்புகளில் நெறிமுறைப் படங்களைக் கோடும் குறியுமாகக் குறிப்புரையில் வரைந்திருந்தார்கள், மடித்தால் எல்லாம் கந்தல். பெயர்வெளி முடியும் இடத்தில் தானாகக் குறிப்புரை சேர்ப்பது, யூஸிங் வரிகளை அகரவரிசைப்படுத்துவது, இன்க்ளூட் வரிகளை வரிசைப்படுத்துவது இவையும் அணைந்தன. அடைப்புக்குறி இல்லாத இஃப் கூற்றுகளுக்கு அடைப்பு சேர்க்கும் அமைவு புதிய பதிப்புகளில் உண்டு. அதன் ஆவணமே இது நிரலைக் கெடுக்கலாம், கவனம் என்று எச்சரிக்கிறது. தொடவில்லை.

முதல் கமிட்டில் வெற்றிடம் மட்டுமே மாற வேண்டும். இதுதான் எங்கள் விதி. ஸ்பேஸ், டேப், வரிமுறிவு தவிர வேறு ஓர் எழுத்தும் கூடக்கூடாது, குறையக்கூடாது, இடம் மாறக்கூடாது.

எதுவும் மாறவில்லை என்று காட்டுவது

குழுவின் மூத்தவர் முதல் கூட்டத்திலேயே கேட்டார்: “எல்லா ஃபைலும் மாறுது, ஆனா ஒண்ணும் மாறலேங்கிறே. அதை எப்படிப்பா நம்புறது?”

பிளாக்கிடம் இதற்குப் பதில் இருக்கிறது. கோப்பை மாற்றியதும் பழையது, புதியது இரண்டின் தொடரியல் மரத்தையும் ஒப்பிட்டு, பொருள் வேறுபட்டால் எழுத மறுத்துவிடும். கிளாங்-ஃபார்மேட்டில் அப்படி ஒன்று இல்லை. பெயரில் கிளாங் என்ற கம்பைலர் இருந்தாலும் அது நிரலைக் கம்பைல் செய்வதில்லை. டோக்கன் டோக்கனாக (சொல், குறி என்று ஒவ்வொன்றாக) படித்து, இது சார்பு, இது டெம்ப்ளேட் என்று ஊகித்துக்கொள்கிறது. ஹெடர் கோப்புகள்கூட வேண்டாம். அதனால்தான் அவ்வளவு வேகம். மேக்ரோக்கள் (கம்பைலுக்கு முன் வேறு நிரலாக விரியும் பெயர்கள்) நிறைந்த பழைய நிரலில் அந்த ஊகம் தப்பவும் செய்யும்.

இரண்டு சோதனைகள் வைத்தோம். முதலாவது மிக எளியது. ஒவ்வொரு கோப்பின் பழைய வடிவிலும் புதிய வடிவிலும் வெற்றிடங்களை எல்லாம் நீக்கிவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது. மேலே சொன்ன அமைவுகளை அணைத்தால் இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும். பல வரி மேக்ரோக்களில் வரிக் கடைசியில் வரும் பின்சாய்கோடு மட்டும் எண்ணிக்கை மாறலாம், அதையும் சேர்த்து நீக்கிக்கொண்டோம். சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட், சில நொடி வேலை. விண்டோஸுக்கு மட்டும் கம்பைல் ஆகும் பகுதிகளையும் இது பார்த்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

ஆனால் வெற்றிடமே பொருளை மாற்றும் இடங்கள் உண்டே. அதற்குத்தான் இரண்டாவது சோதனை: மாற்றத்துக்கு முன் ஒரு பில்ட், பின் ஒரு பில்ட், கம்பைலர் தரும் ஒவ்வோர் ஆப்ஜெக்ட் கோப்பையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவது. சொல்ல எளிது. நேராகச் செய்தால் எல்லாமே வேறுபடும், ஏனென்றால் வரி எண் நாம் நினைப்பதைவிட அதிக இடங்களில் ஒளிந்திருக்கிறது. டீபக் தகவலில் வரி எண் இருக்கிறது, அதனால் அது இல்லாமல் பில்ட் செய்ய வேண்டும். அஸர்ட் மேக்ரோ வரி எண்ணைச் சரத்தோடு சேர்த்து வைக்கும், அதை ரிலீஸ் பில்டில் நீக்கும் வரையறையைக் கொடுக்க வேண்டும். எங்கள் சொந்த லாக் மேக்ரோவும் வரி எண்ணை எடுத்துக்கொள்கிறது, ஒப்பீட்டுக்காக அந்த இடத்தில் பூஜ்யம் வைத்தோம். பதிப்பு எண்ணோடு பில்ட் நேரத்தை அச்சிடும் கோப்பு ஒன்று இருந்தது. ஜிசிசி 7இலிருந்து ஒரு சூழல் மாறியில் நேரத்தைக் கொடுத்தால் தேதி மேக்ரோக்கள் அதையே எடுத்துக்கொள்ளும், அதை வைத்து நிறுத்தினோம். இரண்டு பில்டும் ஒரே பெயருள்ள டைரக்டரியில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்புப் பாதை வேறுபடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கொத்துக் கோப்புகள் ஒத்துவரவில்லை. காரணம் அழகானது. ஒரு நிபந்தனையைச் சரிபார்த்து, தவறினால் அந்த நிபந்தனையையே லாக்கில் அச்சிடும் மேக்ரோ எங்களிடம் இருக்கிறது. நிபந்தனையை அது சரமாக மாற்றிக்கொள்ளும். அப்படி மாற்றும்போது, மேக்ரோக்களை விரிக்கும் பிரீப்ராசஸர் பல ஸ்பேஸ்களை ஒன்றாகச் சுருக்கும், ஆனால் இல்லாத ஸ்பேஸை உண்டாக்காது. பழைய நிரலில் ஏ, பி இரண்டின் நடுவே ‘சிறியது’ குறி ஒட்டிக்கொண்டு இருந்தது, கருவி இரு பக்கமும் ஸ்பேஸ் விட்டது, சரம் மாறிவிட்டது. நிரலின் போக்கு மாறவில்லை, அச்சாகும் செய்திதான் மாறியது. அதிலும் ஒரு டெஸ்ட் அந்தச் செய்தியை எழுத்துக்கு எழுத்து எதிர்பார்த்துக்கொண்டு இருந்தது! அந்த டெஸ்ட்டைத் திருத்தினோம். ஒப்பீட்டுக்காக மேக்ரோவில் வெறும் சரம் வைத்ததும் எல்லாக் கோப்புகளும் ஒத்துப்போயின.

விண்டோஸ் பக்கம் இந்த அளவுக்குப் போகவில்லை. அங்கே ஆப்ஜெக்ட் கோப்பின் தலைப்பிலேயே நேரமுத்திரைக்கு ஓர் இடம் உண்டு, அதை விலக்கி ஒப்பிட நேரம் செலவழிக்க யாருக்கும் மனமில்லை. வெற்றிடச் சோதனை, முழு பில்ட், முழு டெஸ்ட் என்று நிறுத்திக்கொண்டோம்.

இன்க்ளூட் வரிசையை ஏன் தள்ளிவைத்தோம் என்பதற்கும் விண்டோஸ்தான் நல்ல உதாரணம். நெட்வொர்க்குக்கான வின்சாக்2 ஹெடர் விண்டோஸ் ஹெடருக்கு முன்னால் வர வேண்டும். மாறி வந்தால், விண்டோஸ் ஹெடர் பழைய வின்சாக்கை இழுத்துக்கொண்டு வந்து மறுவரையறைப் பிழைகளைக் கொட்டும். ஆங்கில அகரவரிசையில் விண்டோஸ்தான் முதலில் வரும். வரிசைப்படுத்தினால் பில்ட் நிச்சயம் உடையும். நடுவே ஒரு வெற்று வரி விட்டால் கருவி அவற்றைத் தனித்தனித் தொகுதிகளாக எடுத்துக்கொள்ளும், அதற்கான அமைவு எல்.எல்.வி.எம். நடையிலேயே இருக்கிறது. இதைப் பின்னர் டைரக்டரி டைரக்டரியாக, வெவ்வேறு கமிட்டுகளில் செய்தோம்.

கமிட்டுக்கு முன்னால்

வெளியாரின் நூலகங்களும், கருவிகள் உண்டாக்கிய கோப்புகளும் உள்ள டைரக்டரிகளில் ஃபார்மேட் செய்யாதே என்று சொல்லும் தனி அமைவுக் கோப்பை வைத்தோம். 18ஆம் பதிப்பிலிருந்து கிட்டில் இருப்பதைப் போன்ற விலக்குப் பட்டியல் கோப்பே வந்துவிட்டது, இப்போது தொடங்குபவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம்.

கையால் நெடுக்காக அடுக்கிய அட்டவணைகள் எங்களிடம் நிறைய. நிலைமாற்ற அட்டவணை, பிழை எண் அட்டவணை இவையெல்லாம் அடுக்கினால்தான் படிக்க முடியும். அவற்றின் முன்னும் பின்னும் ‘ஃபார்மேட் ஆஃப்’, ‘ஃபார்மேட் ஆன்’ என்ற குறிப்புரைகளை வைத்தால் கருவி அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். இதை அள்ளித் தெளிக்க எல்லோருக்கும் ஆசை வந்தது. இரண்டு பரிமாண அட்டவணைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினோம். வரிக்கு ஓர் உறுப்பு போதும் என்றால் பட்டியலின் கடைசி உறுப்புக்குப் பின்னும் ஒரு காற்புள்ளி வைத்தால் போதும். கருவி அதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு வரிக்கு ஒன்றாக அடுக்கும்.

எதிர்பாராத இடத்தில் உதைத்தது கிளாங்-டைடி, நிரலில் சந்தேகமான இடங்களுக்கு எச்சரிக்கை தரும் கருவி. ஓர் எச்சரிக்கையை அடக்க, அதே வரியின் கடைசியில் ஒரு குறிப்புரை எழுதுவோம். வரி நீளமாக இருந்து உடைந்தால் குறிப்புரை கூற்றின் கடைசி வரிக்குப் போய்விடும், எச்சரிக்கையோ முதல் வரியில் வரும். ஆப்ஜெக்ட் கோப்பில் ஒரு பைட்டும் மாறவில்லை, எச்சரிக்கைகள் மட்டும் புதிதாக முளைத்தன. தொடக்கம், முடிவு என்று இரு முனையிலும் குறிக்கும் வகைக்கு இவற்றை மாற்றினோம்.

அரைப்புள்ளி இல்லாமல் தனி வரியில் நிற்கும் மேக்ரோக்களையும் அமைவுக் கோப்பில் பட்டியலிட்டோம். இல்லாவிட்டால் அடுத்த வரியையும் அதனுடைய பகுதி என்று எண்ணிக் கருவி உள்ளே தள்ளிவிடும். அப்புறம், கருவியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம். இரண்டாவது முறை எதுவும் மாறக்கூடாது. கூற்றின் நடுவே குறிப்புரை செருகிய சில கோப்புகள் இரண்டாவது முறையும் ஆடின. அந்தக் குறிப்புரைகளைக் கையால் மேலே நகர்த்தினோம்.

இவையெல்லாம் சாதாரண கமிட்டுகளாக முன்கூட்டியே மெயினுக்குள் (எல்லோருக்கும் பொதுவான முதன்மைக் கிளைக்குள்) போய்விட்டன. கடைசியாக மிஞ்சியது ஸ்கிரிப்ட்டை ஓட்டி வரும் விளைவு மட்டும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை மெயினைப் பூட்டிவிட்டு ஓட்டினோம். கமிட்டின் ஆசிரியராக எந்த மனிதரின் பெயரையும் போடாமல் பாட் (தானியங்கி) கணக்கைப் போட்டோம். அந்த டிஃப்பை ரிவ்யூ பக்கத்தில் திறக்கவே முடியவில்லை, திறந்தாலும் யார் படிப்பார்? ரிவ்யூ செய்தவர் முந்தைய கமிட்டை எடுத்து, தன் மெஷினில் அதே ஸ்கிரிப்ட்டை ஓட்டி, வந்த விளைவுக்கும் எங்கள் கமிட்டுக்கும் வேறுபாடு இல்லை என்று பார்த்து ஒப்புதல் கொடுத்தார். இந்த மாதிரி கமிட்டுக்கு இதைவிட நல்ல ரிவ்யூ கிடையாது.

திறந்திருந்த பிராஞ்சுகள்

முடியாத வேலைகள் பல பிராஞ்சுகளில் (மெயினிலிருந்து பிரிந்த தனிக் கிளைகளில்) இருந்தன. “முதலில் எல்லாரும் மெர்ஜ் செய்துவிடுங்கள்” என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. புதிய மெயினை நேராக மெர்ஜ் செய்தால் தொட்ட கோப்பெல்லாம் முரண்படும். ஆளாளுக்குக் கையால் தீர்க்க விட்டால் யாருடைய திருத்தமாவது காணாமல் போகும்.

வழி இதுதான். ஃபார்மேட் கமிட்டுக்கு முந்தைய கமிட்டை உங்கள் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்யுங்கள். இங்கே வருபவை நிஜமான முரண்பாடுகள், எப்போதும் போலத் தீர்க்க வேண்டியவை. பிறகு அதே ஸ்கிரிப்ட்டை உங்கள் பிராஞ்சில் ஓட்டிக் கமிட் செய்யுங்கள். இப்போது உங்கள் பிராஞ்ச் என்பது மெயினும் உங்கள் மாற்றமும் சேர்ந்து, புதிய நடையில் இருக்கும் நிலை. ஃபார்மேட் கமிட்டில் உங்களுக்கு வேண்டியது இனி எதுவும் இல்லை. அதனால் அந்த ஒரு கமிட்டை மட்டும் ‘அவர்ஸ்’ உத்தியில் மெர்ஜ் செய்யுங்கள். வரலாற்றில் அது சேர்ந்ததாகப் பதிவாகும், ஆனால் கோப்புகளில் உங்கள் வடிவமே நிற்கும். அதற்குப் பின் மெயினில் வந்தவற்றை வழக்கம்போல மெர்ஜ் செய்யலாம்.

இது சரியாக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. ஃபார்மேட் கமிட்டில் ஸ்கிரிப்ட்டின் விளைவைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது. “அப்படியே இதையும் சேர்த்துவிடுவோம்” என்று ஒரு வரி திருத்தம் உள்ளே போயிருந்தால், ‘அவர்ஸ்’ மெர்ஜ் ஒவ்வொரு பிராஞ்சிலும் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அமைவுக் கோப்பும் முந்தைய கமிட்டிலேயே இருந்தாக வேண்டும். மூன்று படிகளையும் சேர்த்து ஒரே ஸ்கிரிப்ட்டாகக் கொடுத்தோம். மெர்ஜுக்குப் பதில் ரீபேஸ் செய்து (தங்கள் கமிட்டுகளைப் புதிய மெயின் மேல் மறுபடி அடுக்கி) பழகியவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கும் வழி உண்டு, பிராஞ்சின் ஒவ்வொரு கமிட்டையும் ஃபார்மேட் செய்து வரலாற்றை மாற்றி எழுதலாம். ஆனால் கமிட் ஐந்தைத் தாண்டினால் மெர்ஜே மேல் என்பது என் எண்ணம்.

பிளேம்

ஒரு வரியை யார், ஏன் எழுதினார் என்று கிட்டின் பிளேம் கட்டளையால் பார்க்கப் போனால் எல்லா வரிக்கும் பாட்டின் பெயர் வரும் என்பது பழைய எதிர்ப்பு. 2019 ஆகஸ்ட்டில் வந்த கிட் 2.23 இதைத் தீர்த்துவிட்டது. குறிப்பிட்ட கமிட்டுகளைத் தாண்டிப் பின்னால் பார் என்று பிளேமிடம் சொல்லலாம். அந்தக் கமிட்டுகளின் ஹாஷ்களை ஒரு கோப்பில் எழுதி ரிப்போவிலேயே (திட்டத்தின் கிட் களஞ்சியத்திலேயே) வைக்கலாம். கிட்ஹப் அந்தக் கோப்பை அதற்குரிய பெயரில் கண்டால் தானாகவே மதிக்கும். சொந்த மெஷினில் அவரவர் கிட் அமைவில் ஒரு முறை சேர்க்க வேண்டும். ரிப்போவின் அமைவில் மட்டும் சேர்க்கவும். குளோபலாகச் சேர்த்தால், அந்தக் கோப்பு இல்லாத மற்ற ரிப்போக்களில் பிளேம் பிழை காட்டி நின்றுவிடும்.

ஹாஷ் தெரிந்த பிறகுதான் எழுத முடியும் என்பதால் இது அடுத்த கமிட்டாகத்தான் வரும். இரண்டையும் ஸ்குவாஷ் செய்து (ஒரே கமிட்டாகச் சுருக்கி) மெர்ஜ் செய்தால் ஹாஷ் மாறி, பட்டியலில் இருப்பது இல்லாத கமிட்டாகிவிடும். எங்கள் ரிப்போவில் ஸ்குவாஷ்தான் வழக்கம், அன்று மட்டும் அதை நிறுத்தி வைத்தோம்.

இப்போது நடப்பது

ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்ட், டெஸ்ட் செய்யும் சிஐயில் ஒரு படி, எதையும் மாற்றாமல் சரிபார்க்க மட்டும் செய்கிறது. நடை பிசகினால் பில்ட் சிவப்பாகும். 10ஆம் பதிப்பிலிருந்து இதற்கான வசதி கிளாங்-ஃபார்மேட்டிலேயே உண்டு. கமிட் செய்யும் முன் தானாக ஓடும் ஹூக்கும் கொடுத்திருக்கிறோம், கட்டாயமில்லை.

கட்டாயம் என்று வைத்திருப்பது பதிப்பு எண் ஒன்றைத்தான். ஒரே அமைவுக் கோப்புக்கு 14ஆம் பதிப்பும் 18ஆம் பதிப்பும் எல்லா இடத்திலும் ஒரே விளைவைத் தராது. உபுண்டு 22.04இல் இருப்பவருக்கு 14 கிடைக்கும், 24.04இல் இருப்பவருக்கு 18. விஷுவல் ஸ்டுடியோவும் விஎஸ் கோடின் சி++ நீட்சியும் தங்கள் சொந்தப் பிரதியைக் கொண்டுவரும். அவரவர் மெஷினில் உள்ளதை நம்பினால் இரண்டு பேர் ஒரே வரியை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கிளாங்-ஃபார்மேட் பைத்தான் பொதியாகவும், அதன் நிறுவியான பிப் வழியாகக் கிடைக்கிறது. துல்லியமான பதிப்பு எண்ணோடு அதையே எல்லோரும் நிறுவுகிறோம், எடிட்டரிலும் அதன் பாதையைக் கொடுக்கிறோம்.

வாடிக்கையாளர்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ரிலீஸ் பிராஞ்சுகளைத் தொட வேண்டாம் என்றுதான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். ஆனால் மெயினில் செய்த பிழைதிருத்தத்தை அங்கே செர்ரி-பிக் செய்யும்போதெல்லாம் (அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்து வைக்கும்போதெல்லாம்) முரண்பாடு வரும், அவசரத் திருத்தத்துக்குத்தான் அது அடிக்கடி வேண்டும். ஆப்ஜெக்ட் கோப்பு ஒப்பீடு கையில் இருந்ததால் ஆதரவில் இருந்த ரிலீஸ் பிராஞ்சுகளையும் அதே ஸ்கிரிப்ட்டால் மாற்றினோம். கேள்வி கேட்ட அதே மூத்தவர்தான் ஒப்பீட்டு அறிக்கையைப் பார்த்துவிட்டு அதற்குக் கையெழுத்துப் போட்டார். பிளேம் பட்டியலில் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் ஒரு வரி கூடியது. கருவியின் பதிப்பை ஏற்றும்போதும் இதே வரிசைதான்: தனிக் கமிட், ஒப்பீடு, பட்டியலில் இன்னொரு வரி.